புதுக்கோழி

போடிநாயக்கனூர்
12-6-1955

கர்த்தருக்குள் பிரியமான தங்கச்சி ஞானபாக்கியத்துக்கு அண்ணன் பெத்துராஜ் எழுதுவது. ஸ்தோத்திரம் சொல்லிச் சுகம் விசாரிப்பதற்கு முன்னால் ஒரு வெட்கக்கேட்டை இறக்கி வைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் ஜீப்புக்காரன் பால்பாண்டி மலைக்கு வந்து முந்திக்கொள்வான். நேற்று உன் மகளைத் தூக்கிக்கொண்டு உரலை மூன்று சுற்றுச் சுற்றினேன்.

சிரிக்காதே. கடைவீதியில் ஏலக்காயை மோந்து பார்த்தே விலை சொல்கிற மனிதன் நான். என் தொப்பைக்கு என்று ஒரு மரியாதை இருக்கிறது. எல்லாம் உன் மதினியால் வந்தது. சந்தையில் ஒரு புள்ளிக்கோழி வாங்கி வந்தாள். புதிதாக வந்த கோழி பழைய வீட்டைத் தேடி ஓடாமல் இருக்க, உரலை மூன்று தரம் சுற்றி இறக்கிவிட வேண்டும் என்பது பக்கத்து வீட்டு ஒச்சம்மாளின் சட்டம். உன் மதினி ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான், ஆனால் கோழி விஷயத்தில் ஒச்சம்மாள் கட்சி. சுற்றி இறக்கினாள். அது இங்கேயே பிறந்த மாதிரி கொத்த ஆரம்பித்தது.

அந்த நேரம் ராஜாத்தி வாசலில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எஸ்டேட்டில் பள்ளிக்கூடம் இல்லையென்று நீங்கள் அவளை இங்கே கொண்டுவந்து விட்ட நாளிலிருந்து அங்கேதான் நிற்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறாள், சாப்பிடுகிறாள், தட்டைக் கழுவிக் கவிழ்க்கிறாள், மறுபடி போய் நிற்கிறாள். அழுதாலாவது தேவலை. உன் மதினி கோழியைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"தூக்குங்க" என்றாள்.

"அடியே, இது ஞானஸ்நானம் வாங்குன புள்ளை."

"அதுக்குத்தான் சொல்றேன், வெரசா தூக்குங்க. யாரும் வந்துறப் போறாக."

இரண்டாவது சுற்றில் வேட்டி அவிழ்ந்தது. மூன்றாவது சுற்றில் கோயில் உபதேசியார் வந்தார். "பெத்துராஜ் அண்ணே, இது என்ன ஆட்டம்?" என்றார். எனக்கு வந்த புத்தியைப் பார். "புள்ளைக்கு எரிகோ கோட்டையைச் சுத்துன கதை சொல்லிக் குடுக்கிறேன் ஐயா" என்றேன். "அது ஏழு தரமாச்சே" என்றார். "மிச்சத்தை நாளைக்குச் சொல்லிக் குடுப்பேன்" என்றேன். ராஜாத்தி என் தோளிலிருந்து இறங்கி, நேராக வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள்.

மற்றபடி யாவரும் சுகம். மசக்கையெல்லாம் தீர்ந்ததா? மாப்பிள்ளை தானியேலுக்கு என் விசாரிப்பு. பயப்படாதே, ஒட்டிக்கொள்வாள். பிள்ளைச் சத்தம் கேட்காத வீட்டில் ஒரு பிள்ளை வாய் திறக்காமல் நிற்பதைப் பார்க்க உன் மதினிக்குத்தான் தாங்கவில்லை.

அண்ணன்,
பெத்துராஜ்


மேல்சோலை எஸ்டேட், போடிமெட்டு வழி
25-6-1955

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும் ஞானபாக்கியம் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. நாங்கள் சுகம். கடிதத்தைப் படித்து நானும் இவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் இவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அண்ணே, உங்களிடம் சொல்வதற்கென்ன, இவருக்கு ஆரம்பத்திலிருந்தே அவளைக் கீழே அனுப்ப மனமில்லை. கிறிஸ்துமசுக்கு வரும்போது முகத்தைப் பார்ப்பேன், வாடியிருந்தால் திரும்ப அனுப்ப மாட்டேன், படிப்பு போனால் போகட்டும், ஏலக்காய் எடுக்கப் பழகட்டும் என்கிறார். காய் எடுத்துத் தேய்ந்த என் விரல்களைப் பார்த்துக்கொண்டே இதைச் சொல்கிறார். எனக்குப் பெண்ணும் வேண்டும், அவளுக்குப் படிப்பும் வேண்டும். நீங்கள்தான் டிசம்பருக்குள் எப்படியாவது ஒட்ட வைக்க வேண்டும்.

அவளுக்குத் தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் கேட்டால்தான் தூக்கம் வரும். இங்கே மழை பிடித்துவிட்டது. அவள் படுக்கிற இடத்தில் இப்போது நான் படுத்துக்கொள்கிறேன். இதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

தங்கச்சி,
ஞானம்


போடிநாயக்கனூர்
9-7-1955

பிரியமான ஞானத்துக்கு. இங்கே நால்வரும் சுகம். நாலாவது ஆள் கோழி. முட்டை வைக்கிறது, குப்பையைக் கிளறுகிறது, வீட்டை விட்டு அசைவதில்லை. உரலின் மகிமை என்று உன் மதினி தெருவெல்லாம் சொல்லி வருகிறாள். மாப்பிள்ளையிடம் இதை அழுத்திச் சொல். ஒரு கோழியே ஒட்டிக்கொண்டதென்றால் பிள்ளை எம்மாத்திரம்.

உன் தகரக்கூரை விஷயத்தைக் கையில் எடுத்தேன். கடைக்குப் பின்னால் தகரச் சாய்ப்பு இருக்கிறதல்லவா, பள்ளிக்கூடம் இல்லாத மதியத்தில் அதன் கீழே அவளைப் படுக்க வைத்தேன். ஏணி போட்டு ஏறி, தட்டாம்பயறைக் கைக்கை அள்ளித் தகரத்தின்மேல் தூவினேன். முதலில் தூறல், பிறகு சாரல், பிறகு நல்ல மழை. ஒச்சம்மாள் அண்ணாந்து பார்த்தாள். "என்னண்ணே, பயறு காயப் போடுறீகளா, காக்காய்க்கு விருந்தா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் கீழேயிருந்து உன் மகள் பேசினாள். இங்கே வந்து அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

"இது மழை இல்ல மாமா. மழைன்னா முதல்ல வாசம் வரும்."

ஆனாலும் மாமன் பாவம் என்று தூங்கிவிட்டாள்.

பிறகு கொஞ்சம் வாய் திறந்தாள். போடி அவளுக்குப் பிடிபடவில்லையாம். பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது எந்தத் தெருவில் திரும்புவது என்று தெரியவில்லையாம். "இங்க எல்லாம் சமமா இருக்கு மாமா. எங்க ஊர்ல கால் வலிச்சா வீட்டுக்குப் போறோம்னு அர்த்தம். இங்க எங்க போனாலும் கால் வலிக்க மாட்டேங்குது" என்றாள். எனக்கு ஐந்து வீடு நடந்தாலே கால் வலிக்கிறது. அதைச் சொல்லவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். பின்வாசல் படிக்கல்லுக்கு அடியில் பாண்டி ஆடுகிற கல் ஒன்றை வைத்துவிட்டு வந்தாளாம், கறுப்பில் வெள்ளைக்கோடு போட்டது. அதைப் பால்பாண்டியிடம் கொடுத்துவிடு. கொய்யாவை வவ்வால் தின்கிறதா என்றும் கேட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். மழையில் குடத்தைத் தூக்காதே.

பெத்துராஜ்


மேல்சோலை எஸ்டேட்
11-8-1955

அன்புள்ள அண்ணனுக்கு ஸ்தோத்திரம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். இந்த வருடம் மழை மிகவும் பலம். பாதையெல்லாம் சரிந்து பால்பாண்டி பல நாள் வரவில்லை. நான் நன்றாக இருக்கிறேன். இவரும் நன்றாக இருக்கிறார்.

ராஜாத்தி கேட்ட கல்லை அனுப்பியிருக்கிறேன். கொய்யா நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். இனிக் கடிதத்தை வீட்டுக்குப் போட வேண்டாம், ஏலக்காய் ஸ்டோருக்குப் போடுங்கள், இவர் வாங்கி வந்துவிடுவார். வேறு விசேஷம் இல்லை.

ஞானம்


போடிநாயக்கனூர்
20-8-1955

பிரியமான ஞானத்துக்கு அண்ணன் எழுதுவது. நாங்கள் சுகம், நீ அனுப்பிய கல் மட்டும் சுகமில்லை.

பால்பாண்டி கொடுத்ததும் ராஜாத்தி ஓடிவந்தாள். ஞானம், அந்த ஓட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வாங்கினாள். புரட்டினாள். மோந்தாள். பிறகு நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஏலக்காய்க்கு நான் செய்கிற அத்தனையும் செய்தாள். பாவாடையில் துடைத்து என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இது ஆத்துக்கல்லு. என் கல்லுல அடுப்புப் புகை வாசம் இருக்கும்."

"அம்மா அவசரத்துல மாத்தி எடுத்திருப்பா ஆத்தா."

"படிக்கல்லுக்கு அடியில ஒரு கல்லுதான மாமா இருந்துச்சு?"

ஏலம் போகாத சரக்கு மாதிரி நின்றேன். குனிய முடியாத நிலையில் ஏதோ ஒரு கல்லை எடுத்து அனுப்பிவிட்டாய் என்று எனக்குப் புரிகிறது. மாப்பிள்ளையைக் குனியச் சொல். அன்றையிலிருந்து மறுபடி வாசலில் நிற்கிறாள். முன்பு சும்மா பார்த்தாள். இப்போது எதையோ கணக்குப் போடுகிற மாதிரி பார்க்கிறாள்.

இந்த வீட்டில் எதையும் அவள் நம்புவதில்லை. கோழியைக்கூட இன்னமும் புதுக்கோழி என்றுதான் கூப்பிடுகிறாள். "ரெண்டு மாசமாச்சு, இன்னும் என்னடி புதுசு?" என்று உன் மதினி கேட்டாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

இன்னொன்று. "கொய்யா நன்றாக இருக்கிறது" என்று நீ எழுதவில்லை, "என்று சொல்லுங்கள்" என்று எழுதியிருக்கிறாய். முப்பது வருடம் சரக்கு வாங்கி விற்கிறவனிடம் இப்படி எழுதலாமா? விலாசம் எதற்கு மாறியது? உடனே எழுது.

பெத்துராஜ்


போடிநாயக்கனூர்
8-9-1955

பிரியமான ஞானத்துக்கு. போன கடிதத்துக்குப் பதில் இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது? இரண்டு வரி போடு, போதும்.

இங்கே ஒரு விசேஷமும் இல்லை. கோயிலில் அறுப்பின் பண்டிகை நன்றாக நடந்தது. ஒரு பூசணிக்காயை ஏலத்தில் நானும் உபதேசியாரும் போட்டி போட்டு ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் என் தலையில் கட்டினார்கள். மூன்று நாளாகப் பூசணிக்காய்க் குழம்பு. "எரிகோ மிச்சச் சுத்து ஆச்சா?" என்று அவர் எல்லோர் முன்னாலும் கேட்டார். ராஜாத்தி நன்றாகப் படிக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள். எனக்கு மட்டும் இரண்டு காலிலும் கொப்புளம். ஒரு சோலியாக முந்தல் வரைக்கும் நடந்துவிட்டேன். வேறொன்றும் இல்லை.

பெத்துராஜ்


மேல்சோலை எஸ்டேட்
17-9-1955

அண்ணனுக்கு.

முந்தலில் உங்களுக்கு என்ன சோலி? செக்போஸ்டும் ஒரு டீக்கடையும் மலைப்பாதையும் தவிர அங்கே என்ன இருக்கிறது? போடிக்குள் நடக்கவே ஜட்கா தேடுகிறவர் நீங்கள். பூசணிக்காயைப் பற்றி அத்தனை வரி எழுதியதைப் படித்ததுமே பால்பாண்டியைப் பிடித்துக் கேட்டேன்.

பால்பாண்டி சொல்லிவிட்டான். "ஒங்க மக ஒத்தையில நடந்து வந்து முந்தல் பாலத்துச் சுவர்ல உக்காந்திருந்துச்சுக்கா, நல்லவேளை நான் வந்தேன்" என்றான். நல்லவேளை என்றால் என்ன அண்ணே? அடிவாரத்தில் தேவாரம் ஊர்ப் பக்கம் யானை இறங்கித் திரிகிறது என்று இங்கே எல்லோரும் பேசுகிறார்கள். என் பிள்ளை அந்தப் பாதையில் தனியாக நடந்திருக்கிறாள், நீங்கள் எனக்குக் குழம்பு வைத்ததை எழுதுகிறீர்கள்.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கே இறங்கி வந்து அழைத்து வந்துவிடுவார். அழைத்து வந்தால்

இதற்குமேல் எழுத ஓடவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் எழுதுங்கள்.

ஞானம்


போடிநாயக்கனூர்
24-9-1955

என் ஞானத்துக்கு,

நீ என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். உன் மதினி ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டாள், நீ வரிசையில் நின்றுகொள். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் புத்தி.

அன்று பள்ளிக்கூடம் விட்டும் அவள் வரவில்லை. உன் மதினி தெருத்தெருவாக ஓடினாள். நான் ரயிலடிக்கு ஓடினேன். ஏன் ரயிலடி என்று கேட்காதே, பயத்தில் கால் போன திசை அது. பாதி வழியில் ஒச்சம்மாள் குறுக்கே வந்து கத்தினாள்.

"அண்ணே, ரயிலு கிழக்க போகுது! புள்ள நாள் முழுக்க மேக்க பாத்துல்ல நிக்கும்!"

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கென்று ஒரு ஜீப்பு இல்லை, ஒரு லோடு வண்டி இல்லை. சைக்கிள் எனக்கு விடத் தெரியாது. நடந்தேன். சில இடத்தில் ஓடினேன். நான் ஓடுவதைப் பார்த்து வயலில் நின்றவர்கள் என்னை யானை விரட்டுவதாக நினைத்து வரப்பேறிப் பார்த்தார்கள். எனக்கும் அந்த நினைப்புதான், ஆனால் யானை எனக்குப் பின்னால் இல்லை, முன்னால். ஒவ்வொரு வளைவிலும் அவளுடைய பச்சைப் பாவாடையைத் தேடினேன். வழியில் எதெல்லாம் பச்சை தெரியுமா ஞானம்? எல்லாமே பச்சை.

முந்தல் தாண்டி, பாதை ஏறத் தொடங்குகிற இடத்தில் ஒரு சின்னப் பாலம். அதன் சுவரில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பள்ளிக்கூடப் பை. என்னைப் பார்த்து ஓடவில்லை, ஒளியவில்லை. தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். மூச்சு வாங்க உட்கார்ந்தேன்.

"இங்க வந்ததும் கால் வலிக்க ஆரம்பிச்சுச்சு மாமா" என்றாள். "வீடு பக்கத்துலதான்னு நினைச்சேன். ஆனா வரவே இல்ல."

"எதுக்கு ஆத்தா வந்த?"

"என் கல்லு இருக்கான்னு பாக்க. அம்மா அதை எடுத்துக் குடுக்கல. அப்ப படிக்கல்லு இல்லையோன்னு இருந்துச்சு."

பிறகு என் காலைப் பார்த்தாள். செருப்பு எங்கோ வழியிலேயே போய்விட்டிருந்தது.

"உங்களுக்கும் கால் வலிக்குதா மாமா?"

"வலிக்குது."

"அப்ப நீங்களும் வீட்டுக்குத்தான் போறீகளா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்குள் மேலேயிருந்து பால்பாண்டியின் ஜீப்பு இறங்கியது. வரும் வழியில் என் மடியில் தூங்கிவிட்டாள். உன் மதினி அவளை அடிக்கக் கை ஓங்கி, அந்தக் கையாலேயே சோறு ஊட்டினாள். இப்போது பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிட நான், கூட்டிவர ஒச்சம்மாள்.

ஒன்றும் மிச்சம் வைக்காமல் எழுதிவிட்டேன். இப்போது நீ சொல். படிக்கல் இருக்கிறதா, இல்லையா?

பெத்துராஜ்


மேல்சோலை எஸ்டேட்
12-10-1955

அன்புள்ள அண்ணனுக்கு,

படிக்கல் இருக்கிறது. வீடுதான் இல்லை.

ஜூலைக் காற்றில் மேட்டிலிருந்த பெரிய மரம் கூரைமேல் சாய்ந்துவிட்டது. நான் தண்ணிக்குப் போயிருந்தேன். குடத்தைத் தூக்காதே என்று நீங்கள் எழுதிய கடிதம் அப்போது வந்திருக்கவில்லை. வந்திருந்து, நான் கேட்டிருந்தால், இதை எழுத ஆள் இருந்திருக்காது. தகரம் நசுங்கிக் கிடந்தது. கொய்யா மரமும் அதோடு போயிற்று. கட்டிலிருந்த இடத்தில் கிளை நுழைந்திருந்தது, அவள் படுக்கிற மூலையில். அவள் கீழே உங்களிடம் இருந்தாளே என்று முழங்காலில் விழுந்தேன். அந்த மரத்தை இன்னும் வெட்டி எடுக்கவில்லை. அந்தப் பக்கம் போக இவர் விடுவதில்லை. அதனால்தான் ஓடையில் ஒரு கல்லைத் தேடி எடுத்தேன். வெள்ளைக்கோடு போட்ட கல்லைக் கண்டுபிடிக்க ஒரு காலை முழுவதும் ஆயிற்று. அதை அவள் நாக்கில் வைத்துப் பார்ப்பாள் என்று யாருக்குத் தெரியும்?

ஸ்டோருக்குக் கீழே வேறு வீடு கொடுத்திருக்கிறார்கள். நல்ல வீடு. ஓடு போட்டது. மழை பெய்தால் சத்தமே கேட்பதில்லை. அண்ணே, எனக்கே இந்த வீடு ஒட்டவில்லை. விளக்கு வைக்கிற நேரம் கால் தானாகப் பழைய பாதையில் ஏறுகிறது, இவர் வந்து கையைப் பிடித்துக் கூட்டி வருகிறார். பெரியவள் நானே இப்படி என்றால் அவள் வந்து என்ன செய்வாள்? இல்லாத வீட்டைத் தேடி அத்தனை தூரம் நடந்தவள். அவள் உடைந்து போனால் இவர் திரும்ப அனுப்பவே மாட்டார்.

நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். எதையும் வேடிக்கையாகச் சொல்ல உங்களுக்குத்தான் வரும். மதினிக்கு ஸ்தோத்திரம்.

ஞானம்


போடிநாயக்கனூர்
21-12-1955

பிரியமான ஞானத்துக்கும் மாப்பிள்ளைக்கும் மருமகனுக்கும் ஸ்தோத்திரம். மருமகன் பிறந்த சேதியில் இங்கே கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தோம். தாயும் பிள்ளையும் குளிரில் வெளியே வராதீர்கள்.

ராஜாத்தியை நான் போடிமெட்டில் மாப்பிள்ளை கையில் ஒப்படைத்துவிட்டு, வீட்டுக்கு வராமல் அதே ஜீப்பில் இறங்கிவிட்டேன். மண்டிக்கு லோடு வருகிறது என்று சொன்னேன். ஒரு லோடும் வரவில்லை. நான் அவளிடம் சொல்லவில்லை ஞானம். அதனால் ஓடிவந்தேன்.

முயற்சி செய்யாமல் இல்லை. அக்டோபரிலிருந்து தினம் ஒரு தரம் தொண்டையைக் கனைத்தேன். எனக்கு இருமல் என்று உன் மதினி ஏலக்காய்க் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். ஒரு நாள் துணிந்து ஆரம்பித்தேன்.

"ராசாத்தி, ஒரு மலையில ஒரு வீடு இருந்துச்சாம். பெரிய காத்து அடிச்சுச்சாம்..."

"கதையா மாமா, நெசமா?"

"கதைதான்."

"அப்ப நாளைக்குக் கேக்குறேன். வாய்ப்பாடு எழுதணும்."

இப்படி நாளைக்கு நாளைக்கு என்று ஜீப்பு வந்து நின்றுவிட்டது. மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் "இப்ப கால் வலிக்கும்ல மாமா?" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எவனுக்கு வாய் வரும்? ஊரைச் சிரிக்க வைக்கிற வாய் என்று பெயர், ஒரு குழந்தையிடம் ஒரு சேதி சொல்ல வக்கில்லை.

அவள் அழுதாளா? மாப்பிள்ளை என்ன சொன்னார்? இறங்கி வருகிற ஒவ்வொரு ஜீப்பையும் மறித்துக் கடிதம் கேட்கிறேன். நேற்று பால்பாண்டி, "அண்ணே, அடுத்த தரம் குறுக்க நின்னீகன்னா ஏத்திருவேன்" என்றான். உன் மதினி இரண்டு நாளாக வாசலில் நின்று மலையைப் பார்க்கிறாள். சீக்கிரம் எழுது.

பெத்துராஜ்


மேல்சோலை எஸ்டேட்
3-1-1956

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும் புது வருட வாழ்த்தும் ஸ்தோத்திரமும். இந்தக் கடிதத்தை இவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். கூட ராஜாத்தியும் வருகிறாள். ஆமாம் அண்ணே, வருகிறாள்.

மெட்டிலிருந்து நடந்து வந்தபோது பாதை பிரிகிற இடத்தில் அவள் பழைய வழியில் ஏறினாளாம். இவர் "இந்தப் பக்கம்மா" என்றிருக்கிறார். அவள் நின்று, "நம்ம வீட்டுக்கு என்னமோ ஆயிருச்சு, அப்படித்தானப்பா?" என்று கேட்டாளாம். இவருக்கு வாய் வரவில்லை. இந்தக் குடும்பத்து ஆண்பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது. கையைப் பிடித்து அங்கேயே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

மரத்தைப் பார்த்தாளாம். தகரத்தைப் பார்த்தாளாம். அழவில்லை. சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், படிக்கல்லுக்கு அடியில் தோள்வரை கையை விட்டு, கல்லை எடுத்தாளாம். நாக்கில் வைத்துப் பார்த்தாளாம். அப்போதுதான் உதடு நெளிந்தது என்கிறார். "புகை வாசம் போயிருச்சுப்பா" என்றாளாம். இதைச் சொல்லும்போது இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புது வீட்டு வாசலில் நான் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றேன். என்னை ஏறிட்டுப் பார்த்தாள். நான் எப்படி நின்றேனோ தெரியாது. வாசலில் நின்றபடியே பழைய பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். கல்லை இடுப்பில் சொருகிக்கொண்டு என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"உரல் எங்கம்மா?"

"இன்னும் வாங்கலடி. அம்மிதான் இருக்கு."

"அம்மி போதும். வா."

பிள்ளையும் கையுமாக என்னை அம்மியைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனாள் அண்ணே. மூன்று சுற்று. பாவாடை தடுக்கத் தடுக்க முன்னால் அவள், பின்னால் நான். முடிந்ததும் என்னை அங்கேயே நிறுத்தி, "இனிமே இந்த வீட்டை விட்டுப் போக மாட்ட. புதுசுல அப்படித்தான் இருக்கும்மா, ஒரு மழைக்காலம் போனா சரியாப் போகும்" என்றாள். பெரிய மனுஷி மாதிரி. இவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

கல்லைப் பின்வாசல் படிக்கு அடியில் வைத்திருக்கிறாள். தம்பிக்காம்.

நேற்று இவர் அவளிடம் மெதுவாகக் கேட்டார். "ஆத்தா, இங்கேயே இருந்துறியா?" அவள் யோசிக்கவே இல்லை. "வீட்டுல கோழிக்கு யாருப்பா தீனி போடுவா?" என்றாள். போடியைத்தான் வீடு என்றாள். எனக்குச் சுருக்கென்றது, பிறகு நிம்மதியாகவும் இருந்தது. எது முதலில் என்று கேட்காதீர்கள். இவர் பெட்டியை இறக்கித் துணிகளை மடிக்க ஆரம்பித்தார்.

விளக்கு வைத்தபோது நேற்று என் கால் பழைய பாதையில் ஏறவில்லை. மதினியின் கையைப் பிடித்து ஒரு முத்தம் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது. உரல் சுற்றியது வீண்போகவில்லை என்று ஒச்சம்மாள் அக்காவிடமும் சொல்லுங்கள்.

ஞானம்


போடிநாயக்கனூர்
9-1-1956

பிரியமான ஞானத்துக்கு, கடிதமும் மகளும் சேதமில்லாமல் வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளை இரண்டு வேளை சாப்பிட்டு, பள்ளிக்கூடத்தை ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு மலை ஏறிவிட்டார். அவர் போனதும் ராஜாத்தி வாசலில் நின்று கையாட்டினாள். உடனே உள்ளே வந்துவிட்டாள். நீ அனுப்பிய பொய்க்கல்லை வைத்து இப்போது ஒச்சம்மாள் வீட்டு வாசலில் பாண்டி ஆடுகிறாள். ஒச்சம்மாளும் ஆடுகிறாள், அழுகுணி ஆட்டம்.

உன் கடிதத்தை உன் மதினிக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு இப்போது தரையில் கால் பாவவில்லை. இன்னொரு தெருவில் புது மருமகள் ஒட்டவில்லை என்று இவளிடம் ஆலோசனை கேட்டு வந்துவிட்டார்கள். உரலின் மகிமையை உபதேசியார் காதில் போடுகிற அளவுக்குத் துணிந்துவிட்டாள். நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். ஏன் என்பதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு, உன் மதினி கையில் கிடைத்தால் நான் தொலைந்தேன்.

உரலைச் சுற்றி இறக்கினோமே அந்தப் புள்ளிக்கோழி, அது மூன்றாம் நாளே சுவரேறிக் குதித்துப் போய்விட்டது. உன் மதினி கோயிலுக்குப் போயிருந்த நேரம். தேடிக் கிடைக்காமல், அவள் திரும்புவதற்குள் அதே புள்ளியில் வேறொரு கோழி வாங்கி வந்து விட்டுவிட்டேன். அவசரத்தில் அதைத் தூக்கிக்கொண்டு உரல், அம்மி எதையும் சுற்றவில்லை. அது இன்றுவரை இங்கேதான் இருக்கிறது.

அன்றைக்கு என்னோடு சேர்ந்து அந்தக் கோழியைத் தேடினவளும், புதுக்கோழி இருந்த கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தவளும் உன் மகள்தான்.

அண்ணன்,
பெத்துராஜ்